மாலிக் அமிலம்: குடுவையில் செய்வது முதல் மாட்டின் வயிறு வரை

மாலிக் அமிலத்தைப் பற்றித் தேடினால் ஒரு பக்கம் நொதித்தல் வேலை பார்ப்பவர்கள் எழுதியது கிடைக்கும், இன்னொரு பக்கம் தீவனத் தொழிலில் இருப்பவர்கள் எழுதியது கிடைக்கும், இரண்டையும் சேர்த்து எழுதியது அபூர்வம். ஆனால் இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே வேதியியல்தான். ஒரு பூஞ்சை குளுக்கோஸிலிருந்து கிளம்பி, கரியமில வாயுவைக் கூடச் சேர்த்துக்கொண்டு, மாலிக் அமிலம் வரை வந்து அங்கே நின்றுவிடுகிறது. மாட்டின் முதல் வயிற்றில், அதாவது ருமெனில், வாழும் ஒரு பாக்டீரியா அதே பாதையில் மாலிக் அமிலத்திலிருந்து கிளம்பி மிச்ச தூரத்தைப் போகிறது. இது புரிந்துவிட்டால் குடுவையில் எதைச் சேர்ப்பது, மாட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற இரண்டு கேள்விக்கும் பாதி விடை தானாக வந்துவிடும். அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாக அடிப்படை. 1785இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே ஆப்பிள் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த அமிலம் இது, பெயரும் ஆப்பிளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். மூலக்கூற்று எடை 134, இரண்டு அமிலத் தொகுதிகள் உண்டு. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற எல், டி என்று இரண்டு வடிவங்கள், உயிர்கள் பொதுவாகச் செய்வது எல் வடிவம். மலேயிக் அன்ஹைட்ரைடை அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் தண்ணீரோடு சேர்த்து ஆலையில் செய்வது டி-எல் கலவை, அதாவது பாதிக்குப் பாதி. நொதித்தலிலோ நொதியாலோ செய்தால் சுத்தமான எல் வடிவம் கிடைக்கும். மூட்டையில் எந்த வடிவம் என்று எழுதியிருக்கிறது என்பதை வாங்கும்போதே பாருங்கள், கீழே தீவனக் கணக்கு போடும்போது இது தேவைப்படும்.

எந்த வழியில் செய்வது?

சர்க்கரையே வேண்டாம், எல் வடிவம் மட்டும் வேண்டும் என்றால் ஃபூமாரிக் அமிலத்தை எடுத்து ஃபூமரேஸ் நொதியால் மாற்றுவது எளிது. ஜப்பானின் தனாபே செய்யாக்கு நிறுவனம் 1974இலேயே பாக்டீரியா செல்களைப் பாலிஅக்ரிலமைட் ஜெல்லில் பொதித்து, ஒரு குழாய்க் கலனில் நிரப்பி, ஃபூமரேட் (ஃபூமாரிக் அமிலத்தின் உப்பு) கரைசலை அதன் வழியே விட்டுத் தொடர்ச்சியாக மாலிக் அமிலம் எடுத்தது. அப்புறம் அந்த ஜெல்லுக்குப் பதில் கடற்பாசியிலிருந்து வரும் கராஜீனனுக்கு மாறினார்கள். இந்த வினை முழுதாக முடியாது, 80 சதவீதம் தாண்டியதும் சமநிலைக்கு வந்து நின்றுவிடும். மிச்சமிருக்கும் ஃபூமாரிக் அமிலத்தைப் பிரிப்பதில் பெரிய சிரமம் இல்லை. மாலிக் அமிலம் தண்ணீரில் தாராளமாகக் கரையும், ஃபூமாரிக் லிட்டருக்குச் சில கிராம்தான் கரையும், அமிலமாக்கிக் குளிர வைத்தால் அது முதலில் படிந்துவிடும். தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. அதே செல்கள் கொஞ்சம் சக்சினிக் அமிலத்தையும் செய்துவிடும், அது மாலிக்கோடு ஒட்டிக்கொண்டே வரும். தனாபே ஆட்கள் செல்களைப் பித்த உப்புச் சாற்றில் ஊறவைத்து அந்தப் பக்கவினையை அடக்கினார்கள்.

சர்க்கரையிலிருந்து செய்ய வேண்டும் என்றால் பூஞ்சைதான். 1960களில் காப்புரிமை பெற்ற வழியில் அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸைப் பயன்படுத்தினார்கள், 1991இல் அதே பூஞ்சையில் லிட்டருக்கு 113 கிராம் வரை எடுத்துக் காட்டினார்கள். விளைச்சல் அருமை. ஆனால் அஃப்ளாடாக்சின் என்ற கொடிய நச்சைச் செய்யும் பூஞ்சை அது. தீவனத்துக்குப் போகப்போகும் பொருளை அதில் செய்யக் கூடாது, எவ்வளவு சுத்திகரித்தாலும் சரி. அதன் நெருங்கிய உறவான அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே அஃப்ளாடாக்சின் செய்வதில்லை, சோயா சாஸும் சாக்கேயும் செய்ய மனிதர்கள் நெடுங்காலமாக வளர்த்துவரும் பூஞ்சை, அதில் மரபணு மாற்றிய ஒரு வகை லிட்டருக்கு 154 கிராம் வரை கொடுத்திருக்கிறது. ஒரைசேயிலும் சில வகைகள் சைக்ளோபியசோனிக் அமிலம் போன்ற வேறு நச்சுகளைச் செய்யும் என்பதால், கையில் இருக்கும் வகையை ஒரு தடவையாவது பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். ஈஸ்ட், ஈ.கோலை, கிளிசரால் தின்னும் உஸ்டிலாகோ என்று வேறு உயிர்களும் இருக்கின்றன, புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரைசேதான் என் சிபாரிசு.

குடுவையில்

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஊடகத்தில், அதாவது பூஞ்சை வளரும் சத்துக் கரைசலில், லிட்டருக்கு 90 கிராம் கால்சியம் கார்பனேட் போடச் சொல்வார்கள். அதைப் பார்த்ததும் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, அமிலம் கூடினால் இது இறங்கும்) இறங்காமல் இருக்கத்தானே, சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. கணக்கைப் பாருங்கள். ஒரு குளுக்கோஸ் உடைந்து பைருவேட் என்ற இடைப்பொருள் இரண்டு ஆகிறது, ஒவ்வொரு பைருவேட்டோடும் ஒரு கரியமில வாயு சேர்ந்து ஆக்சலோஅசிடேட் என்ற அடுத்த இடைப்பொருள் ஆகிறது, அது ஹைட்ரஜனை வாங்கி மாலேட், அதாவது மாலிக் அமிலத்தின் உப்பு வடிவம், ஆகிறது. ஆக ஒரு மாலேட்டுக்கு ஒரு கரியமில வாயு தேவை. இன்னொரு பக்கம், ஒரு மாலிக் அமிலத்தை நடுநிலையாக்க ஒரு கால்சியம் கார்பனேட் செலவாகிறது, அப்போது ஒரு கரியமில வாயு வெளியே வருகிறது. ஒன்றுக்கு ஒன்று, அச்சாகப் பொருந்துகிறது. அந்த வெள்ளைத் தூள் காரம் மட்டுமல்ல, பொருளில் சேரும் கார்பனும் அதுவேதான். அதை எடுத்துவிட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு மாறினால், கரியமில வாயுவைத் தனியாக ஊதாதவரை விளைச்சல் சரியும்.

எடையிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். 134 கிராம் அமிலத்துக்கு 100 கிராம் கார்பனேட், அதாவது ஒரு கிராமுக்கு முக்கால் கிராம். லிட்டருக்கு 120 கிராம் குளுக்கோஸ் போட்டு, கிராமுக்குக் கிராம் அமிலம் எதிர்பார்த்தால் 120 கிராம் அமிலம், அதற்கு 90 கிராம் கார்பனேட். அந்த 90 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிகிறதல்லவா? கோட்பாட்டளவில் ஒரு கிராம் குளுக்கோஸிலிருந்து 1.49 கிராம் வரை போகலாம், கரியமில வாயு சேர்வதால் போட்டதைவிட அதிகம் எடுக்க முடிகிற அமிலம் இது. நடைமுறையில் ஒன்றுக்கு ஒன்று கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள்.

தொடக்க ஊடகமாக 120 கிராம் குளுக்கோஸ், நைட்ரஜனுக்காக 6 கிராம் பெப்டோன் (செரித்த புரதத் தூள்), கொஞ்சம் பாஸ்பேட், மெக்னீசியம், துளி இரும்பு, அப்புறம் அந்தக் கார்பனேட். பெப்டோனை ஏற்றாதீர்கள். நைட்ரஜன் தீர்ந்து பூஞ்சை வளர்வதை நிறுத்தும்போதுதான் அமிலம் கொட்ட ஆரம்பிக்கும், நைட்ரஜன் நிறைய இருந்தால் பூஞ்சை அழகாகக் கொழுக்கும், அமிலம் வராது. குளுக்கோஸையும் பெப்டோனையும் தனித்தனியாகக் கிருமிநீக்கம் செய்யுங்கள், ஒன்றாகப் போட்டால் பழுப்பாகிவிடும். கார்பனேட்டைத் தனியாக உலர்ந்த நிலையில் சூடாக்கி, ஆறிய பிறகு சேருங்கள். ஈரத்தோடு போட்டால் அடியில் கட்டி தட்டிப்போகும், பிறகு எந்தக் குலுக்கலுக்கும் அது கரைந்து வராது.

வெப்பம் 32 முதல் 35 டிகிரி, பி.எச். கார்பனேட்டால் தானாக 6ஐ ஒட்டி நிற்கும். காற்று விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். இந்தப் பாதையில் ஹைட்ரஜன் கணக்கு சமமாகிவிடுவதால் ஆக்சிஜன் எதற்கு என்று கேட்கலாம். குளுக்கோஸ் உடையும்போது கிடைக்கிற இரண்டு ஏடிபியையும் (செல்லின் சக்தி நாணயம்) கரியமில வாயுவைச் சேர்க்கும் படி அப்படியே விழுங்கிவிடுகிறது, பூஞ்சை உயிரோடு இருக்கச் சக்தியே மிச்சமில்லை. அதனால் கொஞ்சம் குளுக்கோஸை மூச்சுவிட்டுத்தான் எரித்தாக வேண்டும். குடுவையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திரவம் ஊற்றாதீர்கள்.

பூஞ்சை எந்த உருவத்தில் வளர்கிறது என்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும். நல்ல குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், கடுகைவிடச் சிறிய, ஒரே அளவான, கொஞ்சம் சொரசொரப்பான வெள்ளை உருண்டைகள் சுழன்றுகொண்டிருக்கும், திரவம் தண்ணீர் போல ஓடும். மோசமான குடுவையில் சுவரோடு ஒரு வளையமாக ஒட்டியிருக்கும், அல்லது கஞ்சி போலக் குழைந்து கிடக்கும், அல்லது பட்டாணி அளவு உருண்டைகளாக இருக்கும். பெரிய உருண்டையின் நடுவே ஆக்சிஜன் போகாது, கத்தியால் பிளந்தால் உள்ளே குழிவாக, சாம்பல் நிறத்தில் செத்திருக்கும். இதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விதைக்கும் வித்துகளின் எண்ணிக்கைதான். குறைவாக விதைத்தால் சில பெரிய உருண்டைகள், நிறைய விதைத்தால் பல சின்ன உருண்டைகள். விதைக் குடுவையில் ஒரு நாள் வளர்த்து, உருண்டை நன்றாக வந்ததை மட்டும் உற்பத்திக் குடுவைக்கு மாற்றுங்கள்.

பொறுமை வேண்டும். அந்த 113 கிராம் வந்த ஆய்வில் வேகம் மணிக்கு லிட்டருக்கு 0.59 கிராம், அதாவது கிட்டத்தட்ட எட்டு நாள்.

அளப்பதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகு என் அளவீடு ஏறவே இல்லை. சர்க்கரை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பூஞ்சை வேறெதையோ செய்கிறது என்று நினைத்து ஊடகத்தை மாற்றி மாற்றி இரண்டு வாரம் வீணாக்கினேன். நடந்தது என்னவென்றால், அமிலம் கூடக்கூட அது கால்சியம் மாலேட்டாகப் படிய ஆரம்பித்துவிடும், கார்பனேட்டும் அதே வெள்ளை என்பதால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் மாதிரியை எடுத்து நேராக வடிகட்டி, தெளிந்த திரவத்தை எச்.பி.எல்.சி. என்ற அளவிடும் கருவியில் போட்டுக்கொண்டிருந்தேன், பொருள் பாதி வடிதாளிலேயே தங்கிவிட்டது. எனவே குடுவையை நன்றாகக் கலக்கி, அகன்ற வாயுள்ள பிப்பெட்டில் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, நுரை அடங்கி வெள்ளை எல்லாம் கரைந்த பிறகுதான் வடிகட்ட வேண்டும். சேர்த்த அமிலத்தால் மாதிரி எத்தனை மடங்கு நீர்த்தது என்பதைக் கணக்கில் பெருக்க மறக்காதீர்கள்.

பிரித்தெடுப்பது பழைய சிட்ரிக் அமில ஆலைகளின் வழிதான்: கால்சியம் மாலேட்டை வடித்துக் கழுவி, கந்தக அமிலம் சேர்த்து மாலிக் அமிலத்தை விடுவித்து, ஜிப்சத்தை வடித்து, கரித்தூளால் நிறம் நீக்கி, அயனிப் பரிமாற்றப் பிசினில் விட்டு, ஆவியாக்கிப் படிகமாக்குவது. ஒரு கிலோ மாலிக் அமிலத்துக்கு சுமார் 730 கிராம் கந்தக அமிலம் செலவாகும், 1.28 கிலோ ஜிப்சம் வரும். பொருளைவிடக் கழிவு அதிகம் என்பது இந்தத் தொழிலின் பெரிய வலி. ஆனால் தீவனத்துக்குத்தான் செய்கிறீர்கள் என்றால் ஒரு கேள்வியை முதலிலேயே கேளுங்கள்: சுத்தமான அமிலம் எதற்கு? ருமெனுக்கு மாலேட் உப்பே போதும், கால்சியம் மாலேட்டாகவே நிறுத்திக்கொண்டால் கந்தக அமிலமும் இல்லை, ஜிப்சமும் இல்லை. அதிலும் ஒரு எச்சரிக்கை, மீந்த கார்பனேட்டும் பூஞ்சையின் உடலும் அந்த உப்போடு கலந்துதான் இருக்கும், நச்சுப் பரிசோதனையும் உங்கள் நாட்டின் தீவன விதிகளின்படி அனுமதியும் இல்லாமல் ஆய்வகக் குடுவையில் செய்ததை எந்த விலங்குக்கும் போடாதீர்கள். தீவனத்துக்குத் தேவைப்படுவோர் தீவனத் தரப் பொருளை வாங்குவதே சரி.

மாட்டுக்கு

தானியம் நிறைந்த அடர்தீவனம் போட்டால் ருமெனில் மாவுச்சத்து வேகமாக உடைகிறது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்ற பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன, பி.எச். சரிகிறது, மாடு தீவனத்தைக் குறைக்கிறது, சாணம் இளகுகிறது. இந்த லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்ப்பவற்றில் ஒன்று செலினோமோனாஸ் ருமினான்டியம் என்ற பாக்டீரியா. அது லாக்டேட்டில் வளரும்போது ஆக்சலோஅசிடேட்டுக்குத் தட்டுப்பாடு வந்துவிடுகிறது. வெளியிலிருந்து மாலேட் வந்தால் அந்தத் தட்டுப்பாடு நீங்கி, லாக்டேட்டை வேகமாக உறிஞ்சி புரோப்பியோனிக் அமிலமாக மாற்றுகிறது, மாடு அதை வைத்துத்தான் குளுக்கோஸ் செய்துகொள்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நிஸ்பெட்டும் மார்ட்டினும் 1990ஐ ஒட்டி இதைக் கண்டுபிடித்த ஆய்வில், மாலேட்டோடு கூடச் சோதித்தது அஸ்பர்ஜில்லஸ் ஒரைசேயின் நொதித்தல் சாற்றை! அந்தச் சாற்றிலும் மாலிக் அமிலம் இருந்தது. குடுவையில் நாம் பார்த்த அதே பூஞ்சை.

அளவு என்று கேட்டால், மாடுகளில் பெரும்பாலான சோதனைகள் நாளுக்கு 40 முதல் 140 கிராம் வரைக்குள் நடந்தவை. 80 கிராம் என்பது என்ன என்று பார்ப்போம். ருமெனில் 80 லிட்டர் திரவம் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 7.5 மில்லிமோல் வரும், ஆய்வகத்தில் வேலை செய்த செறிவும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இதை ஒரே வேளையில் போட்டால் சில மணி நேரத்தில் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், அடுத்த வேளை அடர்தீவனத்தின்போது ஒன்றும் இருக்காது. எனவே பிரித்து, ஒவ்வொரு வேளை அடர்தீவனத்தோடும் கலந்து கொடுங்கள். முதல் வாரம் பாதி அளவு, அப்புறம் முழு அளவு. டி-எல் கலவை என்றால் அதில் எல் வடிவம் பாதிதான் என்பதை நினைவில் வையுங்கள், ஃபூமரேஸ் டி வடிவத்தைத் தொடாது. சோதனைகள் பலவும் டி-எல் கலவையில்தான் நடந்தன என்பதால் எந்த வடிவத்தில் சொன்ன அளவு என்று பார்த்த பிறகே உங்கள் அளவை முடிவு செய்யுங்கள்.

ருமெனுக்கு அமிலத்தைவிட உப்பு நல்லது, அது பி.எச்.சையும் தாங்கிப் பிடிக்கும். கணக்கு மட்டும் மாறும். டைசோடியம் மாலேட்டில் முக்கால் பங்குதான் மாலிக் அமிலத்துக்குச் சமம், 80 கிராம் வேண்டுமானால் 106 கிராம் உப்பு. அதில் நூறு கிராமுக்கு 26 கிராம் சோடியம் இருக்கிறது, சாப்பாட்டு உப்பில் சொன்னால் சுமார் 65 கிராம். தீவனத்தில் ஏற்கெனவே போடும் உப்பையும் சமையல் சோடாவையும் அதற்கேற்பக் குறைக்காமல் விடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

மீத்தேன் குறையுமா என்று கேட்பவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். ஒரு மாலேட் ஃபூமரேட்டாகிச் சக்சினேட்டாகும்போது ஒரு ஜோடி ஹைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. ஒரு மீத்தேன் செய்ய நான்கு ஜோடி வேண்டும். ஆகவே 536 கிராம் மாலிக் அமிலம் முழுதாக வேலை செய்தால் 16 கிராம் மீத்தேன் குறையும். 80 கிராமுக்கு 2.4 கிராம்! ஒரு கறவை மாடு நாளுக்கு 300, 400 கிராம் விடுகிறது. பெரிய அளவில், தீவனத்தில் சில சதவீதம் என்று கொடுத்த சோதனைகளில் மீத்தேன் குறைந்தது உண்மை, கூடவே மாடு தின்பதும் குறைந்தது. எனவே இந்த அளவில் மீத்தேனுக்காக வாங்காதீர்கள். அதிகத் தானியம் தின்னும் மாட்டின் வயிற்றைச் சமாளிக்க வாங்குங்கள், அங்கேதான் இதற்கு வேலை. அங்கும் எல்லாச் சோதனைகளிலும் பலன் தெரியவில்லை, நார்த்தீவனம் அதிகம் தின்னும் மாட்டில் வித்தியாசம் எதிர்பார்க்கவே வேண்டாம்.

பன்றிக்கும் கோழிக்கும்

இங்கே வேலையே வேறு. தாய்ப்பால் நிறுத்திய பன்றிக்குட்டியின் இரைப்பையில் அமிலம் போதுமான அளவு சுரப்பதில்லை, அங்கே பி.எச்.சை இறக்கிக் கொடுக்கத்தான் அமிலம். தீவனத்தில் அரை முதல் ஒரு சதவீதம் என்று போடுவார்கள், பெரும்பாலும் ஃபார்மிக், ஃபூமாரிக் அமிலங்களோடு கலந்து. மாலிக் பி.எச்.சை நன்றாக இறக்கும், கிருமியைக் கொல்வதில் சுமார்தான். அயனிகளாகப் பிரியாத மூலக்கூறுதான் பாக்டீரியாவின் சவ்வைத் தாண்டி உள்ளே போகும், மாலிக் 3.4 பி.எச்.சிலேயே பாதி பிரிந்துவிடுகிறது, பி.எச். 6 ஆகும்போது பிரியாதது கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது, புரோப்பியோனிக்கில் அப்போதும் 7 சதவீதம் மிச்சமிருக்கும். பூசணத்துக்கும் கிருமிக்கும் மாலிக்கை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள் எவ்வளவு என்று பாருங்கள். டன்னுக்கு 10 கிலோ சுண்ணாம்புக்கல் 13.4 கிலோ மாலிக் அமிலத்தை நடுநிலையாக்க வல்லது. நீங்கள் போட்ட ஒரு சதவீத அமிலம் முழுவதையும் அது ஒன்றே தின்றுவிடலாம். குட்டித் தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லைக் குறைத்து, கால்சியத்தில் ஒரு பகுதியை டைகால்சியம் பாஸ்பேட்டாலோ கால்சியம் ஃபார்மேட்டாலோ ஈடுகட்டினால், அதே அமிலத்துக்குக் கூடுதல் பலன் தெரியும். முட்டையிடும் கோழிக்கு அப்படிக் குறைக்க முடியாது, அங்கே குடிநீரில் கொடுப்பது பொருத்தம். தண்ணீரின் காரத்தன்மை இடத்துக்கு இடம் வேறு என்பதால், ஒரு வாளியில் சிறிது சிறிதாகக் கரைத்து பி.எச். அளந்து அளவைக் கண்டுபிடியுங்கள்.

அமிலத்தையும் சோடாவையும் ஒரே முன்கலவை மூட்டையில் போடக் கூடாது, ஈரம் பட்டதும் மூட்டை உப்பும், தூள் பாறையாகும். எல் வடிவம் ஈரத்தை இழுக்கும், திறந்த மூட்டையைக் கட்டி வையுங்கள். ஈரத் தீவனத்தில் கலந்து நாள்கணக்கில் வைக்காதீர்கள், லாக்டிக் பாக்டீரியாக்கள் 134 கிராம் மாலிக்கை 90 கிராம் லாக்டிக்காகவும் 44 கிராம் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கலக்கும்போது கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். இளம் குதிரைமசால் தாராளமாகத் தின்னும் மாட்டுக்கு இது எதுவுமே வேண்டாம், அந்தச் செடியிலேயே மாலேட் நிறைய இருக்கிறது. முற்ற முற்றக் குறையும், உலர்த்தினாலும் குறையும், ஆகவே இளசாக அறுத்துப் போடுங்கள்.